கன்னத்தில் வைத்துப் பார்க்கிறவர்

அவர் எதையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். டீக்கடையில் கிளாஸை வாங்கினால் முதலில் கன்னத்தில் ஒட்டி எடுப்பார், பிறகுதான் அது வாய்க்குப் போகும். பேட்டரி, ரிலே, ஒயர், எதைக் கையில் எடுத்தாலும் இப்படித்தான். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற தாயைப் போலக் குனிந்து கன்னத்தைக் கொடுப்பார். ஐம்பதை நெருங்கிய ஆள், நரைத்த குறுந்தாடி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. பார்க்கிறவர்களுக்கு அது பிடித்துப்போனது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கன்னத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்த ஆளைக் கண்டாலே வயிறு எரிந்தது. இப்போது அவர் இந்த ஊரில் இல்லை, இருந்தும் இதை எழுதும்போது பழைய எரிச்சல் கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

விராலிமலையில் திருச்சி மதுரை நெடுஞ்சாலை ஓரத்தில் எனக்கு டூவீலர் எலக்ட்ரிக்கல் கடை. லைட் எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை என்றால் சுற்றுவட்டாரத்தில் என்னிடம்தான் வருவார்கள். கரண்ட் பார்க்கிற மீட்டரை நான் அதிகம் தொடமாட்டேன். ஒயர்க் கட்டைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் நீவிக்கொண்டே போவேன். எந்த இடத்தில் லேசாகச் சூடு தட்டுகிறதோ அங்கே ஜாயிண்ட் கெட்டிருக்கும். பத்துக்கு ஒன்பது தப்பாது. அந்த ஒன்றையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்பது வேறு விஷயம்.

எனக்கு நாலு கடை தள்ளி, எதிர்ச்சாரியில், காலியாகக் கிடந்த தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். சொந்த ஊர் கோட்டைப்பட்டினம், கடலோரம். குவைத்தில் பதினோரு வருஷம் இறைச்சியும் மீனும் அடுக்கி வைக்கிற ஐஸ் குடோனில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மனைவியின் ஊர் மணப்பாறைப் பக்கம் என்பதால் இங்கே கடை போட்டார். பாலைவனத்துக்குப் போய்க் குளிர் வாங்கி வந்தவர் என்று டீக்கடையில் கேலி செய்வார்கள், அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். குவைத்து பாய் என்பதுதான் ரோட்டில் அவருக்குப் பெயர். சொந்தப் பெயரை நானும் இங்கே சொல்லப்போவதில்லை. இத்தனை வருஷம் அதை வாயால் சொல்லாமல் இருப்பதையே ஒரு வீம்பாக வைத்திருந்தேன், இப்போது நாக்கு திரும்ப மறுக்கிறது.

அவருக்கு முதல் வேலையை நானே வாரிக்கொடுத்தேன். மதுரையிலிருந்து இரண்டு பையன்கள் பெரிய பைக்குகளில் வந்து என் கடை முன்னால் நிறுத்தினார்கள். காஷ்மீர் பக்கம் போகிறார்களாம். ஆன்லைனில் வாங்கிய அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே சூடாகிற கைப்பிடிகள். ஹேண்டில்பாரில் இருக்கிற ரப்பர் கைப்பிடியைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தால், இஸ்திரிப் பெட்டி மாதிரி உள்ளேயிருந்து சூடு வரும். கை விறைக்காமல் வண்டி ஓட்டலாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். புதுக்கோட்டை ஜில்லாவில் சித்திரை மாசம், கைப்பிடிக்குச் சூடு வைக்கச் சொல்லி ஒருத்தன் வந்து நிற்கிறான். தம்பி, வண்டியை ரெண்டு நிமிஷம் வெயிலில் நிறுத்துங்க, தானாகவே வெந்துவிடும் என்று சொன்னேன். டீக்கடைக்காரரும் சிரித்தார். பையன்கள் முகம் சுண்டிப்போய் வண்டியைத் திருப்பினார்கள், எதிர்ச்சாரியில் அவர் கை காட்டி நிறுத்தினார்.

அன்று நான் சொன்ன அந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது என்னிடமே திரும்பி வந்தது.

அவர் அந்த இரண்டு வண்டிகளுக்கும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். நானாக இருந்தால் அரை நாள். ஒரு ஸ்க்ரூவை எடுத்தால் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார், ஓட்டையில் வைத்துப் பார்ப்பார், திருகும்போதும் பார்வை அதைவிட்டு அகலாது. ஒயரை ஒயரோடு சேர்த்தால் அதன் மேல் டேப் சுற்றி, டேப்பின் மேல் பச்சை நிற வலை நூலால் ஒரு முடிச்சும் போடுவார். கடலோரத்து ஆள், வலை பின்னுகிற முடிச்சு. அவசரமே கிடையாது. இந்த வேகத்தில் வேலை பார்த்தால் கடையில் ஒட்டடைதான் படியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் அவர் செய்ததுதான் கூத்து. வண்டிகளை மணப்பாறை ரோட்டில் இருக்கிற ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுபோனார். மீன்காரர்களுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் பார் பாராக ஐஸ் போடுகிற இடம் அது. ஐஸ் அடுக்கி வைக்கிற அறையின் வாசலில் கனத்த ரப்பர்த் திரை தொங்கும். வண்டியின் முன்பாதியை மட்டும் திரைக்குள் தள்ளி, புகை வருகிற பின்பாதியை வெளியே விட்டு, கொட்டிலுக்குள் தலையை நீட்டிய கன்றுக்குட்டி மாதிரி நிறுத்தினாராம். சுவிட்சைப் போட்டுவிட்டு, அரைக்கைச் சட்டையோடு அந்தக் குளிரில் அரைமணி நேரம் உள்ளேயே நின்றாராம். அதன் பிறகு குனிந்து இடது கைப்பிடியில் ஒரு கன்னம், வலது கைப்பிடியில் ஒரு கன்னம். சரி தம்பி, இப்ப எடுத்துட்டுப் போங்க என்றாராம்.

பையன்கள் அதை செல்போனில் படம் எடுத்து எங்கெங்கோ அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். திருச்சியிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வண்டிகள் வர ஆரம்பித்தன. கைப்பிடி மட்டும் என்றில்லை. கையில் காற்றுப் படாமல் தடுக்கிற மறைப்பு, வண்டியில் செருகிக்கொள்கிற சூடு ஜாக்கெட், பூட்ஸுக்கு மேலே போடுகிற உறை எல்லாம் அவரே வரவழைத்து மாட்டிவிட்டார். குளிருக்குப் போகிறவன் வேர்க்கக் கூடாது, வேர்த்த ஈரம்தான் அப்புறம் ஆளைக் கொல்லும் என்று ஒவ்வொருத்தருக்கும் உட்கார வைத்துச் சொல்வார். ஏசி அறைக்கு மேல் குளிர் பார்த்திராத எங்கள் ஊரில், குளிரைப் பற்றிப் பேச ஓர் ஆள், அதைக் கேட்க ஒரு கூட்டம். நான் கடையில் உட்கார்ந்தபடி அவர் வாசலில் நிற்கிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே எண்ணுவேன்.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்பானாம். நான் அப்படித்தான் ஆனேன். அவன் வித்தை காட்டுகிறான், வேலை தெரிந்தவன் எதற்குக் கன்னத்தைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும், கை என்ன கழன்றா போயிற்று என்று டீக்கடையில் சொன்னேன். யாரோ அதை அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாள் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"கை பொய் சொல்லும்ணே. கன்னம் பொய் சொல்லாது."

கையை வைத்தே பிழைக்கிற என்னைப் பார்த்துச் சொன்ன சொல். எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் தொழிலையே குத்திக் காட்டுகிறான் என்று மூன்று நாள் தூங்கவில்லை.

இன்னொரு தடவை என்ன நடந்தது என்றால், கீரனூர்க்காரர் ஒருவரின் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து போகிறது என்று என்னிடம் வந்தது. மூன்று கடை பார்த்துக் கைவிட்ட வண்டி. நான் டேங்கைக் கழற்றி, ஒயர்க் கட்டைத் திறந்து, கண்ணை மூடி விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் அவர் பக்கத்தில் நிற்கிறார். கட்டிங் பிளேயர் இரவல் கேட்க வந்தவர், கேட்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் பழுதான இடத்தைப் பிடித்துக் காட்டியதும் அவர் முகத்தில் என்னவோ ஓடியது.

"இன்னொரு தடவ தடவிக் காட்டுங்கண்ணே. எப்புடித் தெரியுது?"

தொழிலைத் திருட வந்திருக்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. கிடந்த துணியை எடுத்து ஒயர்க் கட்டின் மேல் போட்டு மூடினேன். பிளேயரை எடுத்து நீட்டி, அதெல்லாம் பழக்கம் பாய் என்றேன். அவர் பிளேயரை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் என் கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் அவர் கண் என் கைக்குத்தான் போகும். எனக்கு அது தெரியும். திருட்டுக் கண் என்றே வைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாத ஒன்று என் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

என் மகள் நிவேதா அப்போது சென்னையில் வேலையில் இருந்தாள். சம்பாதித்த காசில் சிவப்பு நிறத்தில் ஒரு பைக் வாங்கியிருந்தாள். கூட வேலை பார்க்கிறவர்களோடு லடாக் போகப்போவதாகச் சொன்னாள். வண்டிகளை ரயிலில் டெல்லி வரை ஏற்றிவிட்டு, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போவார்களாம். என் மனைவி இரண்டு நாள் அழுதாள், பிறகு முறுக்குச் சுட ஆரம்பித்தாள். நானும் வெளியே முறைத்துக்கொண்டு உள்ளே பெருமைப்பட்டேன். கிளம்புவதற்கு முன் நாலு நாள் லீவில் வண்டியோடு ஊருக்கு வந்தவள், பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அதே அட்டைப்பெட்டி.

"அப்பா, சித்தப்பாகிட்டக் குடுத்து இதப் போட்டுக்கவா?"

யார் சித்தப்பா என்று கேட்டேன். குவைத்து பாயைச் சொன்னாள். அவர் என்னை அண்ணே என்கிறாராம், அதனால் அவர் சித்தப்பாவாம். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கொட்டகைக்குப் போய்க் குளிர்க் கதை கேட்டிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. எலக்ட்ரிக்கல் கடைக்காரன் மகள், அப்பன் உயிரோடு இருக்கும்போது, எதிர்ச்சாரிக் கடைக்கு வண்டியைக் கொண்டுபோகிறாள்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றேன்.

அவள் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். என் வேலையை நம்பி, என் கையை நம்பி என் மகள் அந்த மலைக்குப் போக வேண்டும். அன்று எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் வண்டியைக் கடைக்குள் ஏற்றாமல், எதிர்ச்சாரியிலிருந்து நன்றாகத் தெரிகிற மாதிரி ரோட்டோரத்தில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். பழைய கைப்பிடிகளை அறுத்து எடுத்தேன். ஆக்ஸிலரேட்டர் பக்கக் கைப்பிடியில் ஒயர் இழுபடாமல் இருக்கக் கொஞ்சம் தொய்வு விட்டேன். சாவியை எடுத்தால் கரண்ட் நிற்கும்படி ரிலே வைத்தேன், இல்லாவிட்டால் பேட்டரி காலியாகிவிடும். ஃபியூஸ் போட்டேன். கரண்ட் திரும்பிப் போகிற எர்த் ஒயரை டேங்குக்கு அடியில் வண்டிச் சட்டத்தில் இருந்த ஒரு போல்ட்டில் முடுக்கினேன். எல்லாம் முடிந்தபோது உச்சி வேளை. சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடியைப் பிடித்தேன். சுட்டது. டெஸ்ட் லாம்ப்பை எடுக்கவில்லை, மீட்டரை எடுக்கவில்லை. என் விரல் சொல்லிவிட்டது, எனக்கு அது போதும். மகளையும் பிடித்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஆமாப்பா, நல்லாச் சுடுது" என்றாள்.

அவர் ரோட்டைத் தாண்டி வந்தார். என்னிடம் நேராகக் கேட்கத் தயங்கி வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு, ஒருவாட்டி ஐஸ் கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார்.

"என் விரலுக்கு மேல ஐஸ் கம்பெனி எதுக்கு பாய்?" என்று கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் கையைப் பார்த்தார். சரிண்ணே என்று திரும்பிப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம்.

கிளம்புகிற நாள் காலையில் நிவேதா கையுறை வாங்கி வருகிறேன் என்று அவர் வீட்டுக்குப் போனவள், இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். குவைத்தில் அவர் போட்டிருந்த பழைய கையுறையைக் கொடுத்திருந்தார். உள்ளே போட்டுக்கொள்ள மெல்லியதாக ஒரு ஜோடி, அதற்கு மேல் கம்பளியில் ஒரு ஜோடி, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பழையது. காசு வாங்கவில்லையாம். இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்டேன். சித்தப்பா டயருக்குக் காற்றுப் பிடித்து வருகிறேன் என்று வண்டியை எடுத்துப் போனாராம், அதுவரை அவர் மனைவி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்தாராம். வீட்டில் நாங்கள் பொங்கல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம், இவள் அங்கே இடியாப்பம் சாப்பிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அந்த இடியாப்பத்தின் மேல் வந்த கோபத்தில், டயருக்குக் காற்றுப் பிடிக்க எதற்கு இரண்டு மணி நேரம் என்று கேட்கத் தோன்றவேயில்லை.

மூன்று வாரம் கழித்து லே நகரத்திலிருந்து போன் செய்தாள். மலை உச்சிக் கணவாயில் பனி கொட்டியிருக்கிறது. கூட வந்த பெண்ணுக்கு விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்க முடியாமல், வளைவில் வண்டியோடு பள்ளத்துப் பக்கம் சரிந்துவிட்டாள். ஒரு கல்லில் தட்டி நின்றதால் பிழைத்தாள், கால் எலும்பு முறிவு.

"எனக்கு மட்டும் கை சூடாவே இருந்துச்சுப்பா. கரெக்டா பிரேக் புடிச்சு நிறுத்திட்டேன். ஒங்க வேலைதாம்ப்பா."

போனை வைத்ததும் நேராக டீக்கடைக்குப் போனேன். அவர் அங்கே இருப்பார் என்று தெரிந்தேதான் போனேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கணவாய், பனி, பள்ளம், பிரேக், என் மகள் சொன்ன வார்த்தை, ஒன்று விடவில்லை. ஐஸ் கம்பெனிக்கெல்லாம் போகாமலே போட்ட கைப்பிடி என்பதையும் சேர்த்துக்கொண்டேன். கிளாஸைக் கன்னத்தில் வைத்தபடி அவர் முழுசாகக் கேட்டார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். பிறகு என் கையைப் பார்த்துச் சொன்னார்.

"ஒங்க கைக்கு என்னண்ணே கொறச்சல்."

குரலில் ஓர் ஏக்கம் இருந்தது. பொறாமைப்படுகிறான், என்னைப் பார்த்து இவனுக்கும் வயிறு எரிகிறது என்று புரிந்துகொண்டேன். அத்தனை வருஷத்தில் நான் குடித்ததிலேயே இனித்த டீ அதுதான்.

அடுத்த வருஷம் அவர் கடையைக் காலி செய்தார். கோட்டைப்பட்டினத்துக்கே போவதாகவும், இனிமேல் இந்த வேலை பார்க்க முடியாது என்றும் சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சொல்லிக்கொண்டு போக என் கடைக்கு வந்தபோது நான் ஒரு வண்டிக்கு அடியில் இருந்தேன். எழுந்தேன். அவர் கை நீட்டினார். கையெல்லாம் கிரீஸ் பாய் என்று விரித்துக் காட்டினேன். கிரீஸ்தானே என்று என் விரல்களைப் பற்றிக்கொண்டார். நசுக்குகிற மாதிரி ஓர் அழுத்தம், அளவு தெரியாத பிடி. வலித்தது. போகும்போதுகூட முரட்டுத்தனம் காட்டிவிட்டுப் போகிறான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எதிர்ச்சாரிக் கொட்டகையில் செல்போன் ரீசார்ஜ் கடை வந்தது. நான் எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் நிற்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ வேலை சப்பென்று போயிற்று.

இந்த வருஷம் மே மாதம் நிவேதா வந்தாள். அதே சிவப்பு வண்டி, நிறம் மங்கியிருந்தது. கூடவே இன்னொரு வண்டியில் ஒரு பெண். கணவாயில் விழுந்தவள் அவள்தான். கால் சரியாகி, விட்ட இடத்துக்கே மறுபடியும் போகப்போகிறாளாம். அவள் கையிலும் அந்த அட்டைப்பெட்டி.

"இவளுக்கும் நீங்களே போட்டுக் குடுங்கப்பா. வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேங்கிறா."

அந்தப் பெண் என் கையைப் பார்த்து ஏதோ கோயில் விக்கிரகத்தைப் பார்க்கிற மாதிரி நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழையபடியே செய்துவிடலாம், ஒயர் போன வழியை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று மகளின் வண்டியில் டேங்கைக் கழற்றினேன்.

டேங்குக்கு அடியில் பச்சை வலை நூல்.

எர்த் ஒயரின் ஜாயிண்டில் டேப் சுற்றி, அதன் மேல் அந்த முடிச்சு. நான் முடுக்கியிருந்த போல்ட் வேறு இடத்துக்கு மாறவில்லை. ஆனால் போல்ட்டைச் சுற்றிச் சட்டத்தின் பெயிண்ட் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்டப்பட்டு வெறும் இரும்பு தெரிந்தது. சுரண்டியது நான் இல்லை. சுரண்ட மறந்திருக்கிறேன். பெயிண்ட் மேலேயே எர்த்தை முடுக்கியிருக்கிறேன். பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது, ஐ.டி.ஐ. முதல் வருஷப் பையனுக்குத் தெரிந்த சங்கதி. சுவிட்சின் பச்சை விளக்குக்கு எர்த் வேறு இடத்தில் இருந்ததால் அது எரிந்திருக்கிறது. கைப்பிடிக்கு ஒரு துளி கரண்ட்கூடப் போகவில்லை.

அப்படியென்றால் அன்று என் விரலைச் சுட்டது என்ன? அக்கினி நட்சத்திரம். உச்சி வெயிலில், ரோட்டோரத்தில், அவர் பார்க்க வேண்டும் என்று நான் காலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்த வண்டி. வெயிலில் நிறுத்தினால் தானாகவே வெந்துவிடும் என்று அந்த மதுரைப் பையன்களிடம் சிரித்துச் சொன்ன அதே சூடு.

டயருக்குக் காற்றுப் பிடிக்க இரண்டு மணி நேரம் ஏன் ஆனது என்று அப்போதுதான் தெரிந்தது.

கைப்பிடி வேலை செய்யாமல் இருந்திருந்தால் அந்த வளைவில் விழுந்தவர்கள் இரண்டு பேர். அவரைக் கும்பிடத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். என்னிடம் வந்து, அண்ணே நீங்க தப்புப் பண்ணிட்டீங்க என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கலாமே. நான் செய்ததற்கு அது நியாயமாகவே இருந்திருக்கும், நானும் திருப்பி நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் என் மகளிடம்கூடச் சொல்லவில்லை. டீக்கடையில் நான் அளந்ததையெல்லாம் நின்று கேட்டுவிட்டு, ஒங்க கைக்கு என்ன கொறச்சல் என்றார். அப்படி இருக்க எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அதுவும் அவருக்கே வாய்த்திருக்கிறதே என்று புதிதாக ஒரு வயிற்றெரிச்சல்.

மகளிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் தோழியிடம் என் விரல் வித்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் வண்டியில் பெயிண்டைச் சுரண்டி எர்த் கொடுத்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். அப்போதும் மனசு ஒப்பவில்லை. மணி பன்னிரண்டு, கைப்பிடி எப்படியும் சுடத்தான் செய்தது. வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

"எங்கப்பா போறீங்க?" என்றாள் நிவேதா.

"காத்துப் புடிச்சுட்டு வாரேன்."

ஐஸ் கம்பெனிக்குள் நான் அதுவரை போனதில்லை. மேற்பார்வை பார்க்கிற பெரியவர், நான் விராலிமலை என்று சொல்லிக் கைப்பிடியைக் காட்டியதும் புரிந்துகொண்டார், இது மாதிரி வண்டி வந்து வருஷக்கணக்காகிறது என்றார். திரையைத் தூக்கிப் பிடித்தார். முன்பாதியை உள்ளே தள்ளிச் சுவிட்சைப் போட்டுவிட்டு நானும் உள்ளே நின்றேன். ஐந்து நிமிஷத்தில் காது வலித்தது. பத்து நிமிஷத்தில் பல் தந்தியடித்தது. இருபது நிமிஷத்தில் கைப்பிடியைத் தொட்டேன், ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் ஆட்காட்டி விரலைத் தேய்த்துப் பார்த்தேன், யாருடைய விரலையோ தொடுகிற மாதிரி இருந்தது.

பெரியவர் திரைக்கு வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்தார். ஒருமுறை ஒரு சிவப்பு வண்டி வந்ததாம், பாய் காலையிலேயே அதை ஓட்டிக்கொண்டு வந்து, சூடு வரவில்லை என்று இங்கேயே டேங்கைக் கழற்றி உட்கார்ந்தாராம். யாருடைய வண்டி என்று கேட்டதற்கு, எங்க அண்ணன் மகளுது என்றாராம்.

"விரல்ல தெரியலயா?" என்று சிரித்தார் பெரியவர். "கன்னத்துல வச்சுப் பாருங்க. பாய் அப்புடித்தான் பாப்பாரு. அவருக்குத்தான் பத்து விரல் நுனியும் செத்துப்போச்சே. குவைத்துல ஐஸ்ல நின்னு நின்னு போனது. சூடு தெரியாது, முள்ளுக் குத்துனாத் தெரியாது. வெளிய சொல்ல மாட்டாரு, சொன்னா யாரு வண்டி குடுப்பா?"

நான் விரல்களை அக்குளுக்குள் செருகிக்கொண்டேன். குளிர்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"விராலிமலையில ஒரு அண்ணன் இருக்காராம். கண்ண மூடிக்கிட்டு ஒயரத் தடவியே எங்கன கோளாறுன்னு சொல்லிப்புடுவாராம். அந்தக் கையப் பாத்தா மட்டும் எனக்கு வயிறு எரியுது, அல்லா மன்னிக்கணும்னு சொல்லுவாரு பாய். நீங்களும் அந்த ஊர்தானே, அவரத் தெரியுமா ஒங்களுக்கு?"

என் இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தேன். விரல் நுனிகள் வெளுத்துக் கிடந்தன. கடைவாசலில் அவர் கண் எங்கே போகும் என்பதும், துணியைப் போட்டு நான் மூடியதும், கிரீஸ் கையை அவர் அத்தனை அழுத்திப் பிடித்ததும் ஒன்றாக வந்து நின்றன.

பாத்திருக்கேன் என்று மட்டும் சொன்னேன். பிறகு குனிந்து கைப்பிடியில் கன்னத்தை வைத்தேன். சூடாக இருந்தது.